ஊசி தொடும் முன்: கிராமபோன் தட்டுகளை வீட்டிலேயே கணினியில் ஏற்றச் சில குறிப்புகள்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல் பக்கம் பழைய இசைத்தட்டுகளைத் தேடுகிறவர்கள், ஒரு காலத்தில் ரேடியோ செட் வைத்திருந்தவர் வீட்டை முதலில் விசாரிப்பது நல்லது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பங்குனிப் பொங்கல் என்று எந்த விசேஷமானாலும் கூம்புக் குழாயை மரத்தில் கட்டிப் பாட்டுப் போட்டவர்கள் அவர்கள்தான். கேசட் வந்ததும் தட்டுகள் பரணுக்குப் போயின. இன்றைக்கும் பல வீடுகளில் தகரப் பெட்டிக்குள் அடுக்கியபடியே கிடக்கின்றன.

அவற்றில் இருப்பது லேசான சரக்கு இல்லை. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல், தம் இருபத்தேழாவது வயதில் காலமானார். அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அவர் குரல் நமக்குக் கிடைத்தது கிராமபோன் தட்டுகளால்தான். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926-ல் வந்தது, அப்போது அவருக்கு வயது பத்து. சிவகாசியில் 1886-ல் பிறந்து, 1940-ன் கடைசி நாளில் மேடையிலேயே உயிர்விட்ட தியாகி விஸ்வநாததாஸ் காலத்து நாடக மேடை எப்படி முழங்கியது என்று அறியவும் அந்தக் காலத் தட்டுகளைத்தான் நாட வேண்டும்.

தட்டு ஒவ்வொரு முறை ஓடும்போதும் கொஞ்சம் தேய்கிறது. அதனால் பலமுறை போட்டுப் பார்ப்பதைவிட, நல்ல ஊசியால் ஒரே ஒரு முறை ஒழுங்காக ஓட்டி, அதில் வருவதை இரைச்சலோடு அப்படியே பதிந்து வைப்பதுதான் முக்கியம். கீழே உள்ள குறிப்புகள் எல்லாமே அந்த ஒரு ஓட்டத்தை நல்லபடியாக நடத்துவதற்கானவை.

1. முதலில் அது என்ன தட்டு என்று பாருங்கள். கனமாக, விறைப்பாக, விரலால் சுண்டினால் ஓடு போல ஒலித்து, ஓரத்தில் அங்கங்கே சில்லு தெறித்திருந்தால் அது அரக்குத் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடப் பாட்டு, பன்னிரண்டு அங்குலத் தட்டில் நாலரை நிமிடம் வரை. கையில் லேசாக வளைந்து கொடுத்தால் அது வினைல், இந்தக் குறிப்புகளில் பாதி அதற்குப் பொருந்தாது.

நடுத்துளையின் விளிம்பில் அலுமினியம் மின்னினாலோ, துளையைச் சுற்றி வேறு சிறு துளைகள் இருந்தாலோ, லேபிளில் கையால் எழுதியிருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். அது நேரடியாகச் செதுக்கிய லாக்கர் தட்டாக இருக்கலாம். உலகத்தில் அதற்கு வேறு பிரதி இருக்காது. தண்ணீரோ வீட்டு ஊசியோ அதன் மேல் படக்கூடாது. ஓர் ஆவணக் காப்பகத்திடம் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

2. இரவல் வாங்கி வரும்போது தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். பத்து அங்குலத் தட்டு ஒன்று ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். ஐம்பது அடுக்கினால் அடியில் இருப்பதன் மேல் பத்துக் கிலோ ஏறும், பஸ் ஒரு குலுக்கல் குலுக்கினால் விரிசல்தான். நிறுத்தி வைத்து, இரண்டு தட்டுக்கு நடுவே ஓர் அட்டை செருகுங்கள். நம் பக்கம் அட்டைக்கா பஞ்சம்? வருஷம் முடிந்த தினசரிக் காலண்டர்களின் பின்னட்டை இதற்குச் சரியான கனம். பயணத்துக்கு மட்டும் அது போதும், நிரந்தரமாக வைக்கச் சுத்தமான உறை வேண்டும்.

3. ஸ்பிரிட் படவே கூடாது. சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம், வினைல் தட்டு துடைக்க விற்கும் கரைசல், இவை பலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது. தட்டைப் பிடித்து நிறுத்தியிருப்பதோ அவலரக்கு. பீகார், சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை, பூவம் மரங்களின் கொப்புகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்தம் செய்து, கல்தூளும் கரியும் பஞ்சிழையும் கலந்து, சூட்டில் அழுத்தி எடுத்தவை இந்தத் தட்டுகள். கல்கத்தாவில் 1908-லேயே இதற்கு ஆலை வந்துவிட்டது, பிறகு டம் டம் அதன் பெரிய இடமானது. மர பீரோவுக்குப் பாலிஷ் போடும் ஆசாரியைக் கேட்டுப் பாருங்கள், அவலரக்கை எதில் கரைப்பீர்கள் என்று. ஸ்பிரிட்டில்தான் என்பார். நாம் துடைப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம், வரியில் இருக்கும் பாட்டு பஞ்சோடு வந்துவிடும்.

4. கழுவலாம், ஆனால் சுத்திகரித்த தண்ணீரில். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் பக்கெட்டில் படியும் அந்த வெள்ளைப் பொருக்கு தட்டின் வரிகளிலும் படியும், ஊசி போகும்போது படபடவென்று பொரியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும். வாங்கும்போது ஆசிட் கலக்காத வெறும் தண்ணீர்தானா என்று பாட்டிலைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

அரை லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு போதும். மடித்த துண்டின் மேல் தட்டை வைத்து, லேபிளைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் மூடியை லேபிள் மேல் கவிழ்த்து ஒரு கையால் அழுத்திக்கொள்ளுங்கள். மென்மையான புதுப் பிரஷை நனைத்து, வரி ஓடும் போக்கிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு வரிக்குள் திணிந்துவிடும். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு முறை அலசி, நூல் பிரியாத மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, நிழலில் ஃபேன் காற்றில் உலரவிடுங்கள். ஊறப்போடுவது வேண்டாம். விரிசல் விட்ட தட்டைக் கழுவவே வேண்டாம், நீர் உள்ளே இறங்கி விரிசலை வளர்க்கும். காய்ந்த பிரஷ் மட்டும் போதும்.

பூஞ்சை பூத்திருந்தால் அதை வீட்டுக்கு வெளியே வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு தட்டிவிட்ட பிறகுதான் கழுவ வேண்டும்.

5. பட்டாசு வேலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போய்வருகிற வீடாக இருந்தால் மருந்துக் கையோடு தட்டைத் தொடாதீர்கள். அலுமினியப் பொடி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நைசானது, வரிக்குள் புகுந்தால் எளிதில் வராது. கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, விளிம்பையும் லேபிளையும் மட்டும் பிடியுங்கள்.

6. பிளேயர் வாங்குமுன் 78 வேகம் உண்டா என்று பாருங்கள். இப்போது வருகிற பலவற்றில் 33⅓-ம் 45-ம் மட்டுமே இருக்கும். ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி120எக்ஸ்யூஎஸ்பி மாதிரி மூன்று வேகமும் யூஎஸ்பி இணைப்பும் உள்ளவை உண்டு, விலைதான் கொஞ்சம் கடிக்கும். சூட்கேஸ் போல மடக்கி விற்கும் மலிவு பிளேயர்களில் 78 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது வினைல் எல்.பி.க்கான ஊசி, ஊசியைத் தாங்கும் கையின் பாரமும் அதிகம். அரிய தட்டை அதில் போட மனசு வராது எனக்கு.

வீட்டிலேயே எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பழைய பெட்டி பிளேயர் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். அந்தக் காலத்துப் பிளேயர்கள் பலவற்றில் 78 வேகமும், புரட்டிப் போடும் இரட்டை ஊசியும் உண்டு. ஒரு பக்கம் எல்.பி.க்கு, மறு பக்கம் 78-க்கு. ஆனால் உள்ளே இருக்கும் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் காலப்போக்கில் செத்துப்போகும், ரப்பர் சக்கரம் இறுகிவிடும். தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்த பிறகே தட்டு வைக்க வேண்டும்.

7. காசு செலவழிப்பதானால் ஊசிக்குச் செலவழியுங்கள். இந்த வேலையில் பாட்டின் தெளிவைத் தீர்மானிப்பது ஊசிதான், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். எல்.பி. ஊசியின் முனை அங்குலத்தில் ஆயிரத்தில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. 78-ன் வரிக்கு ஆயிரத்தில் மூன்று பங்கு, அதாவது 75 மைக்ரான் அளவு முனை வேண்டும். எல்.பி. ஊசியை 78-ல் வைத்தால், கண்மாய் ஓடையில் இறங்கிய சைக்கிள் மாதிரி அடியில் கிடக்கும் அழுக்கிலேயே உருண்டு போகும். பாட்டோ இரண்டு கரைகளில் எழுதியிருக்கிறது. கரையைத் தொடாத ஊசிக்குப் பாட்டு எப்படிக் கேட்கும்?

ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசைக் கார்ட்ரிட்ஜ் உங்களிடம் இருந்தால் ஊசியை மட்டும் கழற்றி 78-க்கான விஎம்என்95எஸ்பி-யை மாட்டிக்கொள்ளலாம். பாரம் 3 முதல் 5 கிராமுக்குள், தயாரிப்பாளர் சொன்னபடி வையுங்கள்.

ரேடியோ செட்டில் ஓடித் தேய்ந்த தட்டானால் இன்னொன்று கவனிக்க வேண்டும். பழைய இரும்பு ஊசிகள் கரையின் ஒரே உயரத்தில் உரசி உரசி அங்கே பள்ளம் விழுந்திருக்கும். அதற்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ தொடும் ஊசியைப் போட்டால், தேயாத இடத்திலிருந்து குரல் தெளிந்து வரும். காப்பகங்களில் பல அளவு ஊசிகளை வைத்துக்கொண்டு தட்டுக்குத் தட்டு மாற்றிப் பார்ப்பது இதற்காகத்தான். வீட்டில் அவ்வளவு முடியாது. தட்டுகள் நிறைய இருந்தால் இரண்டு அளவாவது வைத்துக்கொள்ளுங்கள்.

8. சாவி கொடுக்கும் கிராமபோனில் போட்டு, குழாய் முன்னால் செல்போனை நீட்டிப் பதியாதீர்கள். அதன் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்றச் சொன்னதும் அதனால்தான். தாத்தாவின் கிராமபோன் ஓடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை என்றால், கடையில் நிறையக் கிடைக்கும் சாதாரணத் தட்டு ஒன்றை வைத்துக் காட்டுங்கள்.

9. வேகத்தைச் சரிபார்க்க டியூப் லைட் போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மின்னும். ஓர் அட்டை வட்டத்தின் விளிம்பில் சம இடைவெளியில் 77 கறுப்புக் கோடுகள் அச்சடித்து, சுழலும் தட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கோடுகள் நின்றது போலத் தெரிந்தால் வேகம் நிமிடத்துக்கு 77.92 சுற்று, அதுதான் 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 78. கோடுகள் சுழலும் போக்கிலேயே நகர்ந்தால் வேகம் அதிகம், எதிர்ப்பக்கம் நகர்ந்தால் குறைவு. எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் இது தெரியாது. அட்டையைச் சிவகாசியில் எந்த அச்சகத்திலும் ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளலாம், கோடு சுத்தமாக விழும்.

10. பிளேயரின் வேகம் சரியாக இருந்தும் பாட்டின் சுருதி தப்பலாம். பழைய தட்டுகள் எல்லாமே சரியாக 78-ல் பதிவானவை அல்ல, முன்னே பின்னே இருக்கும். இரண்டு சுற்று கூடினால் சுருதி இரண்டரை சதவீதம் ஏறும். நாலரைச் சுற்று கூடினால் கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும், பாடகரின் குரலே சின்னப் பையன் குரல் போலாகிவிடும்.

நாடகப் பாட்டுகளில் இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி, பின்னால் ஒலிக்கும் ஆர்மோனியம். அதன் கட்டைகள் மாறாதவை. பாட்டின் ஆதார ஷட்ஜத்தைப் பிடித்து, செல்போனில் உள்ள தம்புரா செயலியோடு ஒப்பிடுங்கள். நாலு கட்டை, நாலரை, ஐந்து என்று ஏதாவதொன்றின் அருகில் உட்கார்ந்தால் நல்லது. இரண்டு கட்டைகளுக்கு நட்டநடுவே நின்றால் வேகத்தைச் சந்தேகப்படலாம். அந்தக் கால ஆர்மோனியங்கள் இன்றைய அளவோடு மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும் என்றில்லை, அதனால் நூல் பிடித்தாற்போல் திருத்த வேண்டாம். கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றவர்கள் இயல்பாகவே உயரத்தில் பாடியவர்கள். ஏறிய சுருதியைக் கேட்டதும் வேகம் தப்பு என்று இறக்கிவிட்டால் அவர்களுக்குச் செய்யும் அநியாயம். சங்கீதம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். இந்தத் திருத்தத்தை நகலில்தான் செய்ய வேண்டும், மூலப் பதிவில் அல்ல.

11. இணைப்பு. சாதாரண மேக்னெட் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் ஒலி மிகச் சன்னமானது, அதற்கு ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். சில பிளேயர்களில் உள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் பெஹ்ரிங்கர் யூஎஃப்ஓ202 போன்ற சிறு பெட்டி ப்ரீஆம்ப்பாகவும் கணினிக்குள் ஒலி ஏற்றும் கருவியாகவும் உதவும். 16 பிட், 48,000 ஹெர்ட்ஸ் வரைதான் அதில் முடியும் என்றாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல். லேப்டாப்பின் மைக் துளையில் செருகாதீர்கள், ஒலி உடைந்து வரும்.

பிளேயரிலிருந்து தொங்கும் மெல்லிய எர்த் ஒயரை ப்ரீஆம்ப்பின் எர்த் திருகில் மாட்டுங்கள். 'ஊம்' என்ற இரைச்சல் பாதி அதிலேயே போய்விடும். மீதியைப் போக்க, பதியும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். செல்போனை அடுத்த அறையில் வையுங்கள்.

12. நேரம் பார்த்துப் பதியுங்கள். தெருவில் ஆஃப்செட் மெஷின் ஓடினால் தரை வழியாக அதிர்வு வந்து ஊசியில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை மாலையோ, மெஷின் நின்ற இரவோ நல்லது. பங்குனிப் பொங்கல் வாரத்திலும், வெடி போட்டுப் பார்க்கும் தீபாவளிச் சமயத்திலும் இந்த வேலையை எடுக்காதீர்கள். பிளேயரைக் கட்டிலிலும் ஆடும் மேஜையிலும் வைக்காமல் சுவரில் பதித்த கடப்பைக் கல் பலகையில் வைத்தால் அசையாது. ஃபேனை நிறுத்துங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறினால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுக் கரண்ட் வந்ததும் முதலிலிருந்து எடுங்கள், மலிவு இன்வெர்ட்டர்களின் கரகரப்பு பதிவில் ஏறும். மின்வாரியம் பராமரிப்புக்கு மின்தடை அறிவிக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது உத்தமம்.

13. பதிவின் அளவு: முடிந்தால் 24 பிட், 96,000 ஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒலிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் பரிந்துரைப்பதும் இதுதான். ஸ்டீரியோவில் எடுத்தால் மூன்றரை நிமிடத்துக்குச் சுமார் 120 எம்.பி. வரும். நூறு தட்டு, இருநூறு பக்கம் என்றால் 24 ஜி.பி. இன்றைய பென் டிரைவ் ஒன்றிலேயே அடங்கும், இதில் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை. மென்பொருளுக்கு ஆடாசிட்டி போதும், இலவசம்.

பாட்டின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். கீறலில் ஊசி துள்ளும்போது வரும் 'டப்' பாட்டைவிடச் சத்தமாக இருக்கும், அதற்கும் இடம் விட வேண்டும். ஊசி இறங்குவதற்கு முன்பே பதிவைத் தொடங்கி, பாட்டு முடிந்த பிறகு வெறும் வரி ஓடும் சில நொடிகளையும் சேர்த்துப் பதியுங்கள். அந்த வெறும் வரியின் இரைச்சல் பின்னால் உதவும்.

14. தட்டு மோனோதான். ஆனாலும் ஸ்டீரியோவில் பதியுங்கள். இடது பக்கம் வரியின் ஒரு கரை, வலது பக்கம் மறு கரை. இரண்டையும் சேர்த்து மோனோ ஆக்கினால் ஊசியின் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறையும். ஒரு கரை மட்டும் கெட்டிருந்தால் அதை விட்டுவிட்டு நல்ல கரையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

15. 78 வேகம் இல்லாத பிளேயர்தான் இருக்கிறதா? 45-ல் ஓட்டிப் பதிந்து, ஆடாசிட்டியில் வேகத்தை 1.733 மடங்காக்கினால் பாட்டு சரியான வேகத்துக்கு வந்துவிடும். ஒலியின் நிறம் கொஞ்சம் மாறும், கீழ், மேல் ஸ்தாயிகளைச் சமன்செய்ய ப்ரீஆம்ப் தானாகப் போடும் ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தம் தப்பான இடத்தில் விழுவதால். ஊசி துள்ளித் துள்ளி ஓடும் வளைந்த தட்டுகளுக்கு மட்டும் இந்த வழி ஒரு வரப்பிரசாதம்.

அந்த ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தமே 1950-களில் வந்தது. அதற்கு முந்திய 78-களுக்கு அது அளவெடுத்துத் தைத்தது அல்ல. 10,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14 டெசிபல் குறைத்துவிடும், குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். நகலில் மேல் ஸ்தாயியைக் காது ஒப்பும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

16. இரைச்சலை நீக்கும்போது கை நடுங்க வேண்டும். எல்லாரும் கெடுக்கும் இடம் இதுதான். இணையத்தில் வரும் பழைய பாட்டுகளில் பல, தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போல இருப்பது இதனால்தான். இரைச்சல் போக வேண்டும் என்ற ஆத்திரத்தில் நாகஸ்வரத்தின் சீவாளிச் சத்தத்தையும், வயலினின் வில் உரசலையும், பாடகர் மூச்சு எடுப்பதையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தில் காற்றும் கரகரப்பும் போனால் என்ன மிஞ்சும்?

வரிசை இது: முதலில் 'கிளிக்' நீக்கம், பிறகுதான் இரைச்சல் குறைப்பு. கிளிக் நீக்கத்தை மென்மையாக ஒரு முறை ஓட்டுங்கள். மீதி நிற்கும் பெரிய 'டப்'களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, ஆடாசிட்டியின் 'ரிப்பேர்' கொண்டு சரிசெய்யலாம். ஒரு தடவைக்கு 128 சாம்பிள் வரைதான் அது எடுத்துக்கொள்ளும், பொறுமை வேண்டும். மிருதங்கத்தின் வலந்தலை அடியை மென்பொருள் 'கிளிக்' என்று நினைத்துத் தின்றுவிடும். தனி ஆவர்த்தனம் வரும் இடத்தில் தானாக நீக்கும் வசதியைப் போடவே போடாதீர்கள்.

இரைச்சல் குறைப்புக்கு, கடைசியில் பதிந்த வெறும் வரியை மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபலோடு நிறுத்துங்கள். அங்கேயே 'ரெசிட்யூ' என்று ஒரு வசதி இருக்கிறது. எதை நீக்கப் போகிறதோ அதை மட்டும் தனியாக ஒலிக்கச் செய்யும். அதில் 'ஸ்ஸ்' என்ற ஓசை மட்டும் வந்தால் சரி. குரலின் சாயல் துளி கேட்டாலும் அளவைக் குறையுங்கள். இதையெல்லாம் செய்வது நகலில். மூலப் பதிவை யாரும் தொடக்கூடாது. நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வரும், அதற்குக் கொடுக்க மூலம் வேண்டும்.

17. உடைந்த தட்டையும் வீசாதீர்கள். துண்டுகளை ஒன்றுவிடாமல், ஓரத்தில் தெறித்த சில்லு உட்பட, ஒரே உறையில் போட்டு லேபிள் விவரத்தை மேலே எழுதுங்கள். பசை போட்டு ஒட்ட வேண்டாம். அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் குழுவினர் ஊசியே படாமல் வரிகளைப் படம் எடுத்து ஒலியை மீட்கும் ஐரீன் என்ற முறையை உருவாக்கியிருக்கிறார்கள். 1860-ல் பாரிசில் புகைக்கரி பூசிய தாளில் வெறும் கோடாகப் பதிந்த ஒரு பாட்டை 2008-ல் ஒலிக்கச் செய்ததும் அதே ஆய்வகம்தான். அந்த வசதி நம் பக்கத்துக்கு வரும்போது துண்டுகள் கையில் இருக்க வேண்டும். விரிசல் மட்டும் விட்டு முழுதாக நிற்கும் தட்டை மெதுவாக ஒரு முறை ஓட்டிவிடலாம், சுற்றுக்கு ஒரு 'டிக்' வரும், அதைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம்.

18. லேபிளைப் படம் எடுக்காமல் தட்டை உறையில் போடாதீர்கள். பாட்டின் முதல் வரி, பாடியவர், ராகம், தாளம், படத்தின் பெயர், தட்டு எண் எல்லாம் அதில்தான் இருக்கிறது. எச்.எம்.வி. தட்டுகளில் 'என்' என்றும் கொலம்பியாவில் 'ஜி.இ.' என்றும் எண் தொடங்கும் வரிசைகளை அதிகம் பார்க்கலாம். லேபிளுக்கு வெளியே, பாட்டு முடிந்த பளபளப்பான வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் சாய்வெளிச்சத்தில் வாசித்து எழுதிக்கொள்ளுங்கள். லேபிள் கிழிந்துபோனால் அது ஒன்றுதான் அடையாளம்.

கோப்பின் பெயரை கம்பெனி, எண், பக்கம், பாடியவர், முதல் வரி என்ற ஒழுங்கில் வையுங்கள். 'பழைய பாட்டு 1', 'பழைய பாட்டு 2' என்று போட்டால் அடுத்த வருஷம் உங்களுக்கே தெரியாது. எந்த ஊசி, என்ன வேகம், யார் வீட்டுத் தட்டு என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

19. மூன்று பிரதி. இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க், மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். கேட்பதற்கு எம்பி3 தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், அது மட்டும் சேமிப்பு ஆகாது. வருஷத்துக்கு ஒரு தரம் டிஸ்குகளைத் திறந்து பாருங்கள்.

20. பதிவு முடிந்தது என்று தட்டை அலட்சியப்படுத்தக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸும் போட்ட மாடி அறை அடுப்பாகிவிடும், அரக்கு இளகித் தட்டு வளையும். கீழ்த்தளத்தில், வெயில் படாத சுவரோரம், நிறுத்தி அடுக்குங்கள். வளைந்ததை வெயிலில் வைத்து நிமிர்த்தும் வித்தையைச் சிலர் சொல்லித் தருவார்கள், வேண்டாம். உறைக்கு, அமிலம் இல்லாத வெள்ளைக் காகிதத்தைப் பத்தேகால் அங்குலத்துக்கு வெட்டித் தரச் சொல்லிச் சிவகாசிக் காகிதக் கடையில் கேட்கலாம். செய்தித்தாள் கூடாது.

தட்டு இருக்கும் அறையில் பட்டாசுப் பெட்டி வைக்காதீர்கள். அரக்கு நன்றாக எரியும். வாணவேடிக்கைக் கலவைகளில் அதையே எரிபொருளாகவும் பிசினாகவும் சேர்ப்பது உலகெங்கும் உள்ள பழைய வழக்கம்.

21. உங்களிடம் இருப்பது அரியதா என்று அறிய வழி உண்டு. மும்பையின் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் ஓடியன் கம்பெனித் தட்டுகளைத் தேடி எடுத்து எண்முறைக்கு மாற்றியிருக்கிறார்கள். தெற்கே ஓடியன் தட்டுகளை விற்றது ஏ.வி. மெய்யப்ப செட்டியாரின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்பதால் அதில் தமிழ்ப் பாட்டுகளும் உண்டு. உங்கள் தட்டின் எண்ணை அந்தத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் இல்லாத எண் என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இசைத்தட்டுகளோடு பழைய பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. சொல் புரியாத இடத்தில் பாட்டுப் புத்தகம் கைகொடுக்கும்.

22. இணையத்தில் ஏற்றுமுன் உரிமை பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். ஆகவே 1930-கள், 40-களின் தட்டுகளில் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை வேறு கணக்கு, அவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள். பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தார். அவர் பாட்டுகளுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு, தட்டு 1940-ல் வந்திருந்தாலும். பாரதியார் பாடல்கள் 1949-ல் அரசுடைமையானவை, அவற்றுக்கு இந்தத் தடை இல்லை. சொந்தமாகக் கேட்க வீட்டில் பதிந்து வைப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.